பத்து நாள் தண்ணீர்

தரையில் பத்து நாள் தண்ணீர் நிற்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்னார். எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று நாள் கொடுத்தார்கள். ஐம்பது வருடம் ஆகப்போகிறது. இதை எழுத உட்கார்ந்தால் இன்னும் என் பேனா தாளைக் கிழிக்கிறது. வயசானதால் அழுத்தி எழுதுகிறேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வயசு ஒன்றும் இல்லை, கோபம்தான்.

பென்னாகரத்தில் எங்கள் வீடு. எழுபதுகளின் தொடக்கம். நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவர் கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தா. வீட்டுக்குத் தலை அவருடைய அண்ணன். இரண்டு பேருக்கும் இருபது வயசு வித்தியாசம் என்பதால் அண்ணன், அப்பா எல்லாம் அவரே. புளியும் நிலக்கடலையும் மொத்தமாக வாங்கி விற்கிற வியாபாரம். வீட்டில் எல்லாரும் அவரைப் பெரியவர் என்போம். அவர் மனைவி எனக்கு ஓரகத்தி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்கள் மகள்கள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். பெரியவர் வந்தால் நான் எழுந்து கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நாற்பது பிள்ளைகளை உட்கார் என்றால் உட்கார வைக்கிறவள், வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் ஒரு புடவை முந்தானை.

சமையலறை மண் தரை. செவ்வாயும் வெள்ளியும் சாணி மெழுகுவது என் வேலை. ஐந்து மணிக்கு எழுந்து, சாணியைக் கரைத்து, கரித்தூள் கலந்து, மூலையிலிருந்து வாசற்படி வரை குந்திக்கொண்டே பின்னால் நகர்ந்து வர வேண்டும். பிறகு குளித்து, ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்து, கரும்பலகையில் எழுதும்போது நகக்கண்ணில் பச்சை தெரியும். எவ்வளவு மெழுகினாலும் எலி தோண்டும். அடுப்புச் சூட்டில் தரை வெடிக்கும். வெடிப்பில் தேள் இருக்கும். எங்கள் பக்கத்து மண்ணுக்குத் தேள் புதிதல்ல. கல்லைப் புரட்டினால் தேள்தான்.

முதல் குழந்தைக்கு இரண்டரை வயசு இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். வீல் என்று ஒரு சத்தம். செந்தேள். புளி லோடு லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது, அதிலேயே ஏறித் தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு நாள் குழந்தை வாந்தியும் வேர்வையுமாகக் கிடந்தாள். கை கால் எல்லாம் ஜில்லிட்டுப் போயிருந்தது. பிழைத்தாள். தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியவர் கூடத்தில் இருந்தபடி என் கணவரிடம் கேட்டது ஒரே கேள்வி. வெள்ளிக்கிழமை அடுப்படியை ஒழுங்காக மெழுகினாளா?

அந்தக் கூடத்துத் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளபளவென்று சிவப்பு சிமெண்டுத் தரை, ஓரத்தில் கறுப்புக் கரை. மூத்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று போட்டது. அப்போதே அடுப்படிக்கும் சேர்த்துப் போடலாமே என்று அக்கா கேட்டாராம். அங்கே யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று பதில் வந்ததாம். அங்கே நாங்கள் இருந்தோம். ஒரு நாளில் பாதி நேரம் இரண்டு பெண்களும், பிறகு குழந்தைகளும் அங்கேதான் இருந்தோம். நாங்களெல்லாம் அந்த ‘யார்’ கணக்கில் சேர மாட்டோம் போலிருக்கிறது.

இரண்டாவதாகப் பையன் பிறந்தான். அவன் குப்புற விழுந்து, மார்பால் நகர ஆரம்பித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. தவழ ஆரம்பித்தால் முதலில் எங்கே போவான்? அம்மா இருக்கிற இடத்துக்குத்தான். அம்மா அடுப்படியில் இருப்பாள். அவன் தவழ்வதற்குள் அந்தத் தரையை மூடியாக வேண்டும், வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து என் சம்பள அரியர் மொத்தமாக வந்தது. என் கணவர் ரேடியோ வாங்கலாம் என்றார். ரேடியோவைத் தேள் கொட்டாது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணனிடம் கேட்டு வந்து, சரி என்றார். என் பணத்தில் என் பிள்ளை தவழ்கிற தரைக்கு அந்த வீட்டில் கிடைத்த உத்தரவு அது.

சிமெண்டு அப்போது பர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். எழுதிப் போட்டுக் காத்திருந்ததில் ஆனி மாதம் பாதி போய்விட்டது. வந்தது ஆறு மூட்டை. மேஸ்திரி பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர். சித்தாளோடு தெலுங்கிலும் எங்களோடு தமிழிலும் பேசுவார். வேலையில் கெட்டி. தரை வேலை முடியும் வரை நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். முதல் நாள் பழைய தரையை ஒரு முழம் ஆழத்துக்குத் தோண்டினார்கள். உள்ளே எலி வளைகள் கிளை கிளையாக ஓடின. சித்தாள் மண்ணை அள்ளும்போது தேளைப் பார்த்தால் மம்பட்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டுக்கு மேல் எண்ணவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன்.

பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் திமிசுக் கட்டையால் இரண்டு நாள் இடித்தார்கள். அதன்மேல் சிமெண்டும் மணலும். அது ஈரம் இழுத்து இறுகி வரும்போது சிமெண்டோடு காவிப் பொடியைக் கலந்து மேலே தூவி, இரும்புக் கரண்டியால் தேய்க்கத் தொடங்கினார் மேஸ்திரி. உள் மூலையில் குந்தியவர் தேய்த்துத் தேய்த்துப் பின்னால் நகர்ந்து, வாசற்படிக்கு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. நான் மெழுகுகிற அதே மாதிரிதான். அவருக்குக் கூலி உண்டு, இருபது வருடத்துக்கு ஒரு முறை தேய்த்தால் போதும், அவ்வளவுதான் வித்தியாசம். களிமண்ணைப் பிசைந்து வாசற்படியில் பாத்தி கட்டினார். மறுநாள் காலையில் தண்ணீர் நிறுத்த வேண்டும், குறையக் குறைய ஊற்ற வேண்டும் என்றார். சொன்னது என்னிடம்தான். ஊற்றப்போவது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"பத்து நாளுங்க அம்மா. ஒரு நாளு குறைஞ்சாலும் ஆவாது. தண்ணி குடிக்கக் குடிக்கத்தான் தரை கெட்டிப்படும். அதுக்கு முன்ன நெருப்பு வெச்சீங்கன்னா பொளந்துக்கும், அப்பறம் என்னைச் சொல்லக்கூடாது."

அது திங்கட்கிழமை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றினேன். கொல்லையில் மூன்று கல் வைத்துச் சமையல். புகை கண்ணைக் கரித்தது, காற்றடித்தால் சோற்றில் மண் விழுந்தது. இன்னும் ஒரு வாரம்தானே என்று அக்காவும் நானும் சொல்லிக்கொண்டோம்.

வியாழக்கிழமை பெரியவர் ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் புது அடுப்பு மூட்டக்கூடாது. ஆடி முழுக்க வீட்டு அடுப்பு அணைந்து கிடக்கவும் கூடாது. ஆகவே மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் பால் காய்ச்சிவிட வேண்டும், பங்காளிகள் பதினைந்து பேருக்குச் சாப்பாடு. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். கணவரைத் தனியாகக் கூப்பிட்டு மேஸ்திரி சொன்னதைச் சொன்னேன். அண்ணன் சொல்லிட்டாரு என்றார். தரை வெடித்துவிடும் என்றேன். அண்ணன் சொல்லிட்டாரு என்றார். அந்த மனிதர் என்னிடம் பேசியதில் பாதி இந்த இரண்டு வார்த்தைதான். மேஸ்திரிக்கு ஆள் அனுப்பி வரவழைத்தேன். அவர் வந்து கூடத்தில் நின்று, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிப் பார்த்தார். நாங்கள் நாலு வீடு கட்டின குடும்பம், தரையைப் பற்றி எங்களுக்குத் தெரியாதா என்று பெரியவர் அனுப்பிவிட்டார். நாலு வீடு கட்டினார்கள், வாஸ்தவம். நாலு வீட்டிலும் அடுப்படி மண் தரை.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பாத்தியை உடைத்துத் தண்ணீரை வெளியே விட்டார்கள். நான் ஊற்றிய தண்ணீர் என் கண் முன்னால் கொல்லைக்கு ஓடியது. ஈரத் தரையில் புது அடுப்பைக் கட்டி, சூடம் காட்டிப் பால் பொங்க வைத்தார்கள். பாலோடு நிறுத்தியிருந்தால்கூடப் போகட்டும் என்பேன். பதினைந்து பேருக்குச் சோறு, குழம்பு, வடை, பாயசம். நாலு மணி நேரம் புளிய விறகு எரிந்தது. அண்டாவைத் தரையோடு இழுத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, மிதித்து, தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று பெரியவரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் அடுப்பின் வாயிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பி அம்மி வரை போயிருந்தது. அதிலிருந்து இரண்டு கிளை. அண்டா இழுத்த இடத்தில் காவி பொரிப் பொரியாக உரிந்தது. ஒரு வாரத்தில் வெடிப்புக்குள் பென்சில் முனை போகிற அளவுக்குச் சந்து விழுந்துவிட்டது. குந்தி உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தேன். அழுகை வரவில்லை. பற்களைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

பெரியவர் வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். நெருப்பைப் பற்றிப் பேசவில்லை, தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. கூடத்துக்குத் திரும்பிப் போய், எனக்குக் கேட்கும்படி அக்காவிடம் கேட்டார். வீட்டுக்குத் தூரமாக இருந்தவள் யாராவது அடுப்படிக்குள் போனாளா? யாராவது என்றால் யார்? அந்த வீட்டில் பெண்கள் இரண்டே பேர். கேட்டது அக்காவிடம், கேட்கப்பட்டது நான். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன், பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இன்னும் மாதவிலக்கே வரவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? கதவுக்குப் பின்னாலிருந்து கத்துவதா? என் கணவருக்குத் தெரியும். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பிவிட்டார். அக்கா தெரியாது என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலுக்காக அவர்மீதும் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

வெடிப்பில் சிமெண்டுப் பால் ஊற்றினால் போதும் என்று முடிவு செய்தார்கள். பெரியவரே ஆளை வைத்து ஊற்றினார். பத்து நாளில் அது உதிர்ந்து, உள்ளே மறுபடி சந்து. ஆடி பிறந்துவிட்டது. பையன் தவழ ஆரம்பித்துவிட்டான்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், பையன் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலை வெடிப்புக்குள் விட்டுத் தோண்டிக்கொண்டிருந்தான். என் மகளைத் தேள் கொட்டிய இடத்துக்கும் அந்த விரலுக்கும் ஒரு சாண் இருக்கும்.

அவனைத் தூக்கி அக்கா கையில் கொடுத்தேன். மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தேன். முதல் குத்து அடுப்பில். இரண்டாவது தரையில். கடப்பாரை அவ்வளவு கனம் என்று எனக்கு அதுவரை தெரியாது, அன்றைக்கும் தெரியவில்லை. சிவப்புச் சில்லுகள் சுவரில் போய் அடித்தன. சத்தம் கேட்டுப் பெரியவர் வாசற்படிக்கு ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் என் கணவர். ஆடி மாசத்தில் அடுப்பை இடிக்கிறாள், குடும்பம் விளங்குமா, அவள் கையிலிருந்து பிடுங்குடா என்று தம்பியிடம் கத்தினார். நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"இந்தத் தரைக்குக் காசு என்னுது மாமா. ஒடைக்கறதும் நானேதான் ஒடைப்பேன்."

என் கணவர் கடப்பாரையைப் பிடித்துவிட்டார். அவர் இழுக்க, நான் இழுக்க, அவமானமான காட்சி. அவர் பிடி என் பிடிக்கு மேலே இருந்தது, இன்னும் ஒரு நிமிடத்தில் பிடுங்கியிருப்பார். பாதித் தரைதான் உடைந்திருந்தது. பாதித் தரையை மறுபடி பூசி, வெடிப்போடு அதே தரை இன்னும் இருபது வருடம் இருந்திருக்கும். அப்போதுதான் அக்கா பேசினார். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், புருஷனைப் பார்த்துப் பேசினார்.

"அவள வுடச் சொல்லுங்க. அன்னைக்குத் தூரமா இருந்தது நாந்தானுங்க. நாள் தப்பி வந்துட்டுது. பதினஞ்சு பேருக்கு ஆக்கிப் போட ஆளில்லன்னு சொல்லாம இருந்துட்டேன். அடுப்புல கை வெச்சதும் நாந்தான்."

என் கணவர் கையை எடுத்துவிட்டார். பெரியவரின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. அன்றைக்கு இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தவர் அவர். தீட்டுப் பட்ட அடுப்பை வீட்டில் வைத்திருக்க முடியாது, ஆடியோ மார்கழியோ. அதை அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். அக்காவை ஏக வசனத்தில் நாலு வார்த்தை திட்டினார். அக்கா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு பெரியவரே, மிச்சத்தையும் இடித்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த வாரமே சிமெண்டு வந்தது. இந்தத் தடவை பர்மிட்டுக்குக் காத்திருக்கவில்லை. பெரியவர் எங்கேயோ சொல்லி, இரண்டு பங்கு விலை கொடுத்து இறக்கினார். கூலியும் அவருடையது. என் தரைக்கு அந்த அவசரம் இல்லை, தீட்டுக்கு இருந்தது. அதே மேஸ்திரி வந்தார், அதே மாதிரி பின்னால் நகர்ந்து வந்து பாத்தி கட்டினார். சாவுத் தீட்டுக்கே பத்து நாள் ஆகும், இதற்கும் பத்து நாள் தண்ணீர் நின்றால்தான் கழியும் என்று அக்கா புருஷனிடம் சொன்னார். பெரியவர் சரி என்றார். மேஸ்திரி சொன்னபோது உள்ளே போகாத அதே பத்து நாள் அவருக்கு இப்போது போயிற்று. பத்து நாளும் மழைத் தூறலில் கொல்லையில் குடையைப் பிடித்துக்கொண்டு சமைத்தோம். ஆடியில் வீட்டு அடுப்பு இல்லாததால் யாரும் செத்துப்போகவில்லை.

தரை நன்றாக வந்தது. பையன் அதில் தவழ்ந்தான், நடந்தான், விழுந்து ஒரு பல்லை உடைத்துக்கொண்டான். தேள் வரவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் பெரியவர் ஒரு கதை சொல்வார். பொம்பளைங்க சுத்தபத்தமா இல்லாததால முதல்ல போட்ட தரை பொளந்துடுச்சு. பக்கத்தில் அக்கா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு நிற்பார். எனக்கு வாய் வரைக்கும் வரும். அக்கா ஒரு பார்வை பார்ப்பார், விழுங்கிக்கொள்வேன்.

மாதம் மூன்று நாள் அக்கா கொல்லைப்புற அறையில் தனியாக உட்காருவார். எங்கள் வீட்டு வழக்கம் அது. அந்த மூன்று நாளும் இரண்டு வேளைச் சமையலையும் முடித்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போக வேண்டும். புரட்டாசியில் ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தவருக்குச் சோறு கொண்டுபோனேன். சுவரில் சாய்ந்து காலை நீட்டி, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாக மனசில் இருந்ததைக் கேட்டேன். அன்றைக்குப் பால் காய்ச்சினபோது நிஜமாகவே தூரமாக இருந்தீர்களா என்று. அக்கா தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்கு அதெல்லாம் நின்னு ரெண்டு வருசமாச்சு புள்ள."

எனக்குப் புரியவில்லை. அப்படியென்றால் இப்போது ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றேன்.

"முப்பது வருசமா குந்திக் குந்தி முட்டி போயிடுச்சு. மாசம் மூணு நாளாவது உக்கார வேண்டாமா? சும்மா உக்காந்தா வுடுவாங்களா?"

கோபம் குப்பென்று வந்தது. இரண்டு வருடமாக, பிள்ளை வயிற்றில் இருந்தபோதுகூட, அந்த மூன்று நாளும் விடியற்காலையில் எழுந்து இவர் பங்கையும் ஆக்கி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியவள் நான். திட்டத்தான் வாயைத் திறந்தேன். பெரியவருக்கு இது தெரியாதா என்றுதான் வந்தது. தெரியாது என்று தலையாட்டிவிட்டு அக்கா சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். கூட வாழ்ந்து இரண்டு பிள்ளை பெற்ற மனைவிக்கு அது நின்றுபோனதுகூடத் தெரியாத மனிதர்தான், எனக்குத் தூரம் உண்டா இல்லையா என்று கூடத்தில் உட்கார்ந்து விசாரணை வைத்தவர்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் நானே சமைத்தேன். அதற்குப் பிறகும் ஏழெட்டு வருடம் அக்கா மாதம் தவறாமல் கொல்லைப்புற அறைக்குப் போனார். அறுபது வயசை நெருங்கும் வரை போனார். பெரியவர் ஒரு தடவைகூட அவருக்கு என்ன வயசு என்று யோசித்துப் பார்க்கவில்லை.